பன்விலை ஏற்றம்

கண்டியில் ஓடப்போகிறவருக்கு முதலில் தெரியவேண்டியது எங்கே ஓடக்கூடாது என்பதுதான். ஏற்றம், இறக்கம், மூச்சு எல்லாம் பிறகு. காவலரண் கண்ணில் படுவதற்கு ஒரு வளைவுக்கு முன்பே ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டும். மூச்சு அடங்கும்வரை நடக்க வேண்டும். தொப்பி போட்டிருந்தால் கழற்றிவிட வேண்டும். கைகள் இரண்டும் வெளியே தெரியவேண்டும், ஒன்றில் அடையாள அட்டை இருக்கவேண்டும். காவலரணைத் தாண்டியதும் உடனே ஓடத் தொடங்கிவிடக் கூடாது. சந்தைக்குப் போகிறவள் போல அடுத்த வளைவுவரை நடந்து, அதற்கு அங்கால் போனபிறகுதான் மறுபடியும் ஓடலாம். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பயந்து பயந்து நானே கண்டுபிடித்தேன்.

நான் அப்போது கண்டியில் ஒரு பெண்கள் பாடசாலையில் உடற்கல்வி ஆசிரியை. பிறந்தது யாழ்ப்பாணம். நியமனம் கிடைத்து வந்தவள், கல்யாணமும் முடிந்து குண்டசாலையில் வீடெடுத்துத் தங்கிவிட்டேன். காலையில் ஓடுவது எனக்குப் பல் துலக்குவது போல. எண்பத்து மூன்றில் தமிழரைத் தேடித் தேடி அடித்த கலவரத்தின்போது ஒரு வாரம் கதவைப் பூட்டிக்கொண்டு, குசினி விளக்கைக்கூடப் போடாமல் இருந்தோம். அந்த வாரம் முழுவதும் நான் நினைத்தது, இனி இந்த ரோட்டில் ஓட ஏலாதே என்றுதான். ஊர் எரிந்துகொண்டிருக்கும்போது ஓடுகிற சப்பாத்தைப் பற்றி யோசித்தவள் என்று என் கணவர் பிறகு வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும். மனதுக்கு எது கிடைக்கிறதோ அதைத்தானே அது பிடித்துக்கொள்ளும்.

கலவரம் ஓய்ந்து, போர் வந்து, அது வருடக்கணக்கில் நீண்டது. நான் மெல்ல மெல்லப் பழைய பாதைகளுக்குத் திரும்பினேன். வீட்டிலிருந்து கல்மடுவைக் கோயில்வரை ஒரு பாதை. வயல்களுக்கு நடுவே, தென்னைகளுக்குள்ளே, கோபுரம் மாதிரி கல்லால் எழும்பி நிற்கும் கட்டிடம் அது. கண்டி ராசா கட்டத் தொடங்கி முடிக்காமல் விட்டதாம். மகாவலியை ஒட்டித் தெகல்தொருவைக்கு இன்னொரு பாதை. பாறையைக் குடைந்து ஓவியம் தீட்டிய விகாரை அங்கே இருக்கிறது. போகிற வழியில் ஓட்டு வீடுகளும் பாணி இறக்கும் கித்துள் மரங்களும், நெல் காயப்போட்ட முற்றங்களும் வரும். நாய்கள் என்னைப் பார்த்துக் குரைத்து அலுத்துப்போய்ப் பிறகு தலையைக்கூடத் தூக்காது. ஓட்டத்துக்கு இதைவிட அழகான நாடு இருக்குமென்று நான் நினைக்கவில்லை. அந்த அழகுக்கு நடுவே ஒவ்வொரு பாலத்திலும் மணல் மூட்டை அடுக்கி ஒரு துவக்கின் குழல் நீட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

மூன்றாவது பாதை வத்தேகமையிலிருந்து பன்விலைக்கு ஏறுவது. அதில் நான் ஓடத் தொடங்கியது என் தம்பிக்காக.

யாழ்ப்பாணத்திலிருந்து கிளாலிக் கடலை இரவில் வள்ளத்தில் கடந்து, வவுனியா முகாமில் கிடந்து, ஒருவழியாக எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தான். இருபத்தைந்து வயது. கையில் ஒரு சின்னப் பை. அம்மா காதுத் தோட்டைக் கழற்றி விற்றாவது இவனை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றார். ஆட்களைக் களவாக எல்லை கடத்திவிடும் ஏஜென்சிக்காரன் பிரான்ஸ் என்று சொல்லியிருந்தான். விமானத்தில் பாதித் தூரம், லொறியில் கொஞ்சம், மிச்சம் கால்நடையாக. எல்லையில் மலைகளை இரவில் நடந்து கடக்கவேண்டும். முன்னால் போன கூட்டத்தில் ஒருவன் மூச்சு வாங்கிப் பின்தங்கினான். மற்றவர்கள் நிற்கவில்லை. நின்றால் எல்லோரும் பிடிபடுவார்கள். அவன் என்ன ஆனான் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. கண்டிக்கு வந்து எங்கள் விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்துகொண்டு ஏஜென்சிக்காரன் இதைச் சொன்னான். சொல்லிவிட்டுத் தம்பியின் கால்களைப் பார்த்தான். மாடு வாங்க வந்தவன் பார்க்கிற மாதிரி.

"மலை ஏற ஏலாட்டில் இப்பவே சொல்லிப்போடும் தம்பி. அங்க வந்து என்னோட மாரடிக்கேலாது."

"நான் ஆயிரத்தைந்நூறு மீட்டர் ஓடினவன்" என்றான் தம்பி.

"யாழ்ப்பாணத்திலயோ? அங்க என்ன மலை இருக்கு?"

யாழ்ப்பாணத்தில் உயரமானது பனைதான். அன்றிரவு தம்பி சாப்பிடவில்லை. அடுத்த நாளே நான் முடிவெடுத்துவிட்டேன். இவனை மலையில் ஓடவைக்க வேண்டும். பயணத்துக்கு அழைப்பு எப்போது வருமென்று தெரியாது. அதற்குள் இவன் கால் மலைக்குப் பழகியாக வேண்டும்.

என் கணவருக்கு நீர்ப்பாசன அலுவலகத்தில் வேலை. மூச்சு விடுவதற்கும் அனுமதிக் கடிதம் கேட்கிற ஆள். விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

"நீர் என்ன விசரே? வடக்கால வந்த பெடியனை ரோட்டில ஓடவிடப் போறீரோ? ஓடுற தமிழனைக் கண்டால் என்ன செய்வாங்கள் எண்டு உமக்குத் தெரியாதே?"

"ஓடப் பழகாமல் போனால் அங்க என்ன நடக்கும் எண்டு உங்களுக்குத் தெரியாதோ?" என்றேன்.

இரண்டு பேர் சொன்னதும் சரியாக இருக்கிற சண்டை அது. அந்த மாதிரிச் சண்டைகள்தான் அந்த வருடங்களில் எல்லா வீடுகளிலும் நடந்தன. இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் அக்குறணையில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் வாங்கிய ஓட்டச் சப்பாத்தைக் கொண்டுவந்து தம்பியின் கட்டிலடியில் வைத்துவிட்டுப் போனார். அளவு சரியாகத்தான் இருந்தது. அவன் படுத்திருக்கும்போது காலை அளந்திருப்பார் போல.

தம்பியைப் பொலிஸில் பதிந்து, அவர்கள் கொடுத்த பதிவுத் துண்டையும் அடையாள அட்டையையும் நனையாமல் பொலித்தீன் பைக்குள் போட்டு அவன் கழுத்தில் தொங்கவிட்டேன். சனிக்கிழமைகளில் வத்தேகமைவரை பஸ்ஸில் போவோம். அங்கிருந்து பன்விலைக்கு ஓட்டம்.

முதல் நாள் அவன் மலையை எதிரியாக நினைத்து அடித்துக்கொண்டு ஏறினான். தட்டையான ஊரில் ஓடினவர்கள் செய்கிற பிழை. இரண்டாவது வளைவிலேயே தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான். நான் என் பாட்டில் சிற்றடியாக வைத்து அவனைத் தாண்டிப் போனேன். போகும்போது, "என்ன, மலையைப் பார்க்கிறியோ? வடிவுதான்" என்றேன். அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை. ஆனால் மூன்று நான்கு சனிக்கிழமைகளில் அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. அதற்குப் பிறகு அவனைப் பிடிக்க என்னால் முடியவில்லை. அதுதான் புதிய பிரச்சினை.

எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் இருந்தது. நான் முன்னால், அவன் பின்னால். எனக்குச் சிங்களம் நன்றாக வரும். அவனுக்கு 'ஓவ்', 'நே' என்று ஆம், இல்லை சொல்வதைத் தவிர ஒன்றும் தெரியாது. எங்கே நடக்கவேண்டும், எங்கே ஓடலாம் என்று நான் காட்டவேண்டும். ஆனால் அவன் உடம்பில் மெதுவாக ஓடுகிற சங்கதியே இல்லை. கதைத்துக்கொண்டு வருவான், திடீரென்று என் தோளுக்குப் பக்கத்தில் வருவான், அடுத்த வளைவில் காணாமல் போய்விடுவான். நான் நெஞ்சு அடைக்க அடைக்கப் பின்னால் ஓடுவேன். அங்கே காவலரண் இருந்தால்? அவன் ஓட்டத்திலேயே போய் நின்றால்? ஒவ்வொரு வளைவிலும் ஒரு வெடிச்சத்தத்தை எதிர்பார்த்துத்தான் திரும்புவேன். அவன் மதகில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பான். "வாறியளோ அக்கா, இல்லாட்டில் பஸ்ஸில வரப்போறியளோ?" அடிக்கலாம் போல இருக்கும். ஒருமுறை அடித்தும் இருக்கிறேன்.

பன்விலைக்குக் கொஞ்சம் முன்னால் தேயிலைத் தோட்டத்துக்குப் பிரிகிற சந்தியில் ஒரு காவலரண். அங்கே வழக்கமாக நிற்கும் பொலிஸ்காரருக்கு என்னைத் தெரியும். அவருடைய அக்காவின் மகள் என்னிடம் வலைப்பந்து பழகினவள். "மிஸ், இன்றைக்கும் ஓட்டமா?" என்று கேட்பார், அட்டையைக்கூடப் பார்க்கமாட்டார். அதனால் அந்தச் சந்தி வந்தாலே எங்களுக்கு ஒரு நிம்மதி. நாங்கள் தைரியம் கொண்டதும் அந்த நிம்மதியால்தான்.

அந்தச் சனிக்கிழமை வெயில் சுள்ளென்று இருந்தது. மேல் சரிவில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டத்தை நிறுத்தி, முறைப்படி நடந்து, அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு சந்திக்கு வந்தோம். பொலிஸ்காரர் இருந்தார். ஆனால் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் ஒரு புதிய இராணுவத்தான் நின்றான். தம்பியின் வயதுதான் இருக்கும். வெயிலில் கறுத்து, கன்னம் ஒட்டி, கண் ஒரு இடத்தில் நிற்காமல் அலைந்துகொண்டிருந்தது. அந்தக் கறுப்பு மலைநாட்டு வெயிலில் வருவதில்லை. இவன் வடக்கில் சண்டையில் நின்றுவிட்டு வந்தவன் என்று எனக்கு உடனே புரிந்தது.

தம்பியின் அட்டையை வாங்கினான். பிறந்த இடத்தைப் பார்த்தான். நிமிர்ந்து தம்பியைப் பார்த்தான்.

"இங்கே என்ன செய்கிறான்?"

நான் முந்திக்கொண்டு சிங்களத்தில் சொன்னேன். "என் தம்பி, மாத்தையா. ஓட்டக்காரன். போட்டிக்குப் பழகுகிறான். நான் உடற்கல்வி டீச்சர்."

அவன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் மலைக்கு அங்கால் விசில் ஊதியது, நீளமாக, இரண்டு முறை. எனக்கு அது காதில் விழுந்தது, ஆனால் நான் அதை ஒரு விஷயமாக எடுக்கவில்லை. அந்தப் பக்கத்தில் கல் உடைக்கிற இடம் ஒன்று இருந்தது. வெடி வைக்கமுன் விசில் ஊதுவார்கள். பன்விலைப் பக்கம் பழகின எல்லோருக்கும் அது தெரியும். கொழுந்துப் பெண்களின் கை நிற்காது, மாடுகள்கூடத் தலை தூக்காது.

வெடித்தது.

நான் நின்றேன். பொலிஸ்காரர் நின்றார். பெண்கள் நின்றார்கள். தம்பியைக் காணவில்லை. இராணுவத்தானையும் காணவில்லை.

ரோட்டோரத்தில் தேயிலைக்கு ஓரமாக மழைத்தண்ணீர் ஓடுகிற கான் ஒன்று வெட்டியிருந்தார்கள். இரண்டு பேரும் அதற்குள் கிடந்தார்கள். தம்பி குப்புற, நெஞ்சு நிலத்தில் படாமல் முழங்கையில் ஊன்றி, காதைப் பொத்திக்கொண்டு, வாயைத் திறந்தபடி. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுத்த முறை அது. வாயைத் திறந்து வைத்தால் பீரங்கிச் செல் விழும்போது காது வெடிக்காதாம். இராணுவத்தானும் அதே மாதிரி, துவக்கை வயிற்றுக்கடியில் அணைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி. இரண்டு முகங்களும் ஒரு சாணுக்குள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள்.

மேலே ஒரு பெண் சிரித்துவிட்டாள். பிறகு எல்லோரும்.

"அடியே, ஆமிக்காரரு கானுக்குள்ள விழுந்துட்டாரு பாருடி!"

"டீச்சர், கல்லு வெடிங்க! பயப்பட வேணான்னு சொல்லுங்க!"

அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் சிரிப்புக்கு மொழி வேண்டுமா? எழுந்து நின்றபோது முழங்காலில் செம்மண் ஒட்டியிருந்தது. காதுவரை சிவந்திருந்தான். மேலே நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தான். சிரிப்பு அப்படியே நின்றுபோனது. பயந்தவனைவிட, பயந்ததைப் பிறர் கண்டுவிட்டார்கள் என்று தெரிந்தவன் மோசம்.

தம்பியும் எழுந்து கைகளை விரித்துக் காட்டிக்கொண்டு நின்றான். உதடு வெளுத்திருந்தது.

"இவன் இப்படி விழ எங்கே பழகினான்?" என்றான் இராணுவத்தான்.

"அங்கேதான், மாத்தையா" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் எப்போதும் என் காலைவிட வேகம். "நீங்கள் பழகின இடத்திலேயேதான்."

பொலிஸ்காரர் என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்கிற மாதிரி. இராணுவத்தான் அட்டையைத் தம்பியின் நெஞ்சில் வைத்து அழுத்திக் கொடுத்தான். பிறகு மேலே போகும் ரோட்டைக் கையால் காட்டினான்.

"ஓட்டக்காரன் என்றாயே. ஓடச் சொல். பார்ப்போம்."

அந்த இடத்தில் ரோடு நேராக ஏறும். இரண்டு பக்கமும் இடுப்பளவு தேயிலை, மறைவென்று ஒன்றும் இல்லை. வெகு தூரத்தில் ஒரு பலாமரம், அங்கேதான் முதல் வளைவு. அவன் துவக்கைத் தோளில் மாட்டியிருக்கவில்லை, கையில் பிடித்திருந்தான்.

"துவபன்!" என்றான் தம்பியிடம். ஓடு என்று. மரியாதை இல்லாமல்.

தம்பிக்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்தான். "என்னவாம் அக்கா?"

பத்திரிகைகளில் அடிக்கடி ஒரு வரி வரும். தப்பியோட முயன்றபோது என்று தொடங்கும். அந்த வரியை வாசித்து வாசித்து எங்களுக்கெல்லாம் பாடமாகிவிட்டது. அதில் ஓடுகிறவர் எப்போதும் தமிழர், எப்போதும் முதுகுதான் காட்டியிருப்பார். எனக்கு அந்த வரி முழுதாகக் கண்ணுக்கு முன்னால் வந்தது. அதில் என் தம்பியின் பெயரும் பன்விலை என்ற ஊரும் சேர்ந்திருந்தன.

ஓட மறுத்தால் காவலரணுக்குள் கொண்டுபோவான். போனால் எங்கே என்று கேட்கக்கூட இடமிருக்காது. ஓடினால் முதுகு. நான் பொலிஸ்காரரைப் பார்த்தேன். அவர் கீழே மண்ணைப் பார்த்துக்கொண்டு, "சொன்னதைச் செய்யுங்கள், மிஸ்" என்று முணுமுணுத்தார். அவர் கெட்டவரில்லை. அவருக்கும் அன்றைக்குப் பயம்.

"நானும் ஓடுகிறேன், மாத்தையா" என்றேன். "நான் இவனுடைய பயிற்சியாளர். பழக்குகிறவர் பின்னால்தான் ஓடவேண்டும்."

அப்படி ஒரு விதி எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. நான் அதைச் சரியென்று எடுத்துக்கொண்டேன்.

தம்பியிடம் திரும்பினேன்.

"ஓடட்டாம். ஓடு. நான் பின்னால வாறன். என்ர காலடிச் சத்தம் உனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கோணும். கேக்காட்டில் வேகத்தைக் குறை. திரும்பிப் பாக்காத."

"நீங்கள் முன்னால போங்கோவன்."

"வாயை மூடிக்கொண்டு ஓடு."

ஓடினான். நானும் ஓடினேன். அவன் முதுகுக்கும் என் நெஞ்சுக்கும் நடுவில் ஒரு கை நீளம்தான் இருந்திருக்கும். கொஞ்சத் தூரம் போனபிறகுதான் ஒன்று எனக்கு உறைத்தது. அவன் என்னைவிட ஒரு தலை உயரம். நான் எவ்வளவு நிமிர்ந்து ஓடினாலும் அவன் கழுத்துக்கு மேலே மறைக்க முடியாது. நிமிர்ந்தேன். நுனிக்காலில் ஓடினேன். ஏற்றத்தில் நுனிக்காலில் ஓடாதே என்று எத்தனை பிள்ளைகளைத் திட்டியிருக்கிறேன். கடவுளே, இவனை இவ்வளவு உயரமாக ஏன் வளர்த்தாய் என்று அந்த நேரத்தில் கோபம் வந்தது. எனக்கு மரணபயம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். முதுகுத் தோல் முழுவதும் காதாக மாறிப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தது.

பின்னால் ஒரு சத்தமும் இல்லை. கொழுந்துப் பெண்கள் பேசுகிற சத்தம்கூட இல்லை. அவர்கள் வேலையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. தலைத்துணிகளும் கூடைகளும் ஒரு வரிசையாக அசையாமல் நின்றன.

தம்பி மெதுவாக ஓடினான். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக மெதுவாக ஓடினான். நான் எவ்வளவு தளர்ந்தாலும் அந்தக் கை நீளம் கூடவில்லை. எனக்கு மூச்சு முட்டியபோது அவனும் அடியைச் சுருக்கினான். நான் சொன்னபடியே திரும்பிப் பார்க்கவில்லை. பலாமரம் வரவே வராது போல இருந்தது. வந்தது. வளைந்தோம். காவலரணுக்கும் எங்களுக்கும் நடுவில் மலை வந்துவிட்டது.

தம்பி மரத்தடியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். நான் நின்றபடியே அவனைத் திட்டத் தொடங்கினேன். கல்லு வெடிக்கு விழுகிறியே, நீ ஒரு மனுசனா, உனக்குக் காது இல்லையா, விசில் ஊதினது கேட்கவில்லையா என்று வாயில் வந்ததெல்லாம். திட்டிக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. அவன் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"உங்கட மூச்சு மாடு இழுக்கிற மாதிரிக் கேட்டது அக்கா."

சிரித்துவிட்டேன். அழுதுகொண்டே சிரிப்பது எவ்வளவு அசிங்கமாக இருக்குமென்று அவன் பலநாள் நடித்துக் காட்டினான்.

கொஞ்சம் பொறுத்துக் கேட்டான். "ஏன் பின்னால ஓடினீங்கள்?"

"களைச்சுப் போனன், வேற என்ன? உன்னோட ஆர் ஓடுறது?" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். மேற்கொண்டு கேட்கவில்லை.

அந்தச் சந்தி வழியாக நாங்கள் திரும்பவில்லை. தோட்டத்துக் குறுக்குப் பாதையால் பன்விலைக்கு இறங்கி வேறு பஸ் பிடித்தோம். பஸ்ஸில் அவன் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, முழங்காலில் ஒட்டியிருந்த செம்மண்ணை நகத்தால் சுரண்டிக்கொண்டே வந்தான். என் கணவர் வழமையைவிட நேரமாகிவிட்டதே என்று குண்டசாலை பஸ் தரிப்பிடத்தில் வந்து நின்றார். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சொன்னபோதுகூட முழுவதையும் சொல்லவில்லை.

அந்த இராணுவத்தான் சுட நினைத்தானா, ஓடவிட்டுச் சிரிக்க நினைத்தானா, உண்மையிலேயே இவன் ஓட்டக்காரன்தானா என்று பார்க்க நினைத்தானா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவனுக்கே தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். சில நாட்களில் அவன் மேல் கோபம் வரும். சில நாட்களில் அந்தத் திறந்த வாய் ஞாபகம் வரும், கோபம் பாதியில் நின்றுவிடும். அவனும் யாரோ ஒரு அக்காவுக்குத் தம்பியாகத்தான் இருந்திருப்பான். ஆனால் அதை நினைத்து அவனை மன்னிக்க என்னால் முடிந்ததில்லை. முடியாததை முடிந்தது என்று எழுத எனக்கு விருப்பமில்லை.

அதற்குப் பிறகு பன்விலைக்கு நாங்கள் போகவில்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த படிக்கட்டில் தம்பி ஏறி இறங்கினான், மழையிலும் வெயிலிலும், அயல்வீட்டுக்காரர்கள் இவனுக்கு மண்டை பிசகிவிட்டதென்று நினைக்கும்வரை. கொஞ்ச நாளில் அழைப்பு வந்தது. போனான். பல மாதம் சத்தமில்லை. அம்மா வைக்காத நேர்த்திக்கடன் இல்லை. பிறகு ஒரு நாள் அயல்வீட்டுத் தொலைபேசியில் என்னைக் கூப்பிட்டார்கள். குரல் கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரிக் கேட்டது.

"அக்கா, இஞ்ச வந்திட்டன். இந்த மலை பன்விலை அளவுக்கு இல்லை."

அவ்வளவுதான் சொன்னான். வழியில் ஒருவனைத் தோளில் கை போட்டு இழுத்துக்கொண்டு வந்தான் என்பது வருடங்களுக்குப் பிறகு அவன் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

போர் முடிந்து, நான் ஓய்வு பெற்று, என் கணவரும் போய்ச் சேர்ந்தபிறகு, தம்பி என்னைப் பிரான்சுக்குக் கூப்பிட்டான். பரிஸ் நகரத்திலிருந்து தள்ளி, நாட்டின் நடுப்பகுதியில் ஒரு மலைக் கிராமத்தில் இருக்கிறான். அங்கே ஒரு விடுதிச் சமையலறையில் வேலை. கறுத்த கல்லால் கட்டிய வீடுகள், கூரையில் பாசி. ஒரு குன்றுக்கு ஒரு கிராமம், ஒவ்வொன்றுக்கும் ஒரு பழைய தேவாலயம். குன்றுகளுக்கு நடுவே பாதை திராட்சைத் தோட்டங்களுக்குள் வளைந்து வளைந்து போகிறது. ஒரு கிராமத்தின் வாசலில் முந்நூறு நானூறு வருடத்து மதில், அதன் வாயிலுக்குள்ளாலேயே ஓடலாம். ஒருவரும் அட்டை கேட்பதில்லை. எதிரே வருகிறவர்கள் கையசைக்கிறார்கள். முதல் நாள் நான் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் என்னையறியாமல் வேகத்தைக் குறைத்துக்கொண்டேன். வயதாகிவிட்டது என்று தம்பி கேலி செய்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவனும் அவன் மகளும் சேர்ந்து ஓடுவார்கள். அங்கேயே பிறந்த பிள்ளை. பதினேழு வயது, தகப்பனைப் போல நெடுவல். தமிழ் பேசுவாள், ஆனால் சொற்களை மூக்கால் தடவித் தடவி எடுத்து வைப்பாள். அந்த ஞாயிறு நானும் போனேன். என்னால் ஓட்டமும் நடையுமாகத்தான் முடிந்தது. தம்பி எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தான். பழைய குணம், மெதுவாக ஓட வராது. ஏற்றங்களில் மதிலில் உட்கார்ந்து எங்களுக்காகக் காத்திருந்தான்.

கடைசிக் கிராமத்துக்குள் இறங்கினோம். சதுக்கத்தில் ஒரு நீரூற்று, அதைத் தாண்டி நீலப் பலகை போட்ட பொலிஸ் நிலையம். வாசலில் சீருடையில் ஒருவர் கோப்பி குடித்துக்கொண்டு நின்றார். எங்களைப் பார்த்துச் சிரித்துத் தலையசைத்தார்.

முன்னால் போன தம்பியைக் காணவில்லை. மகள் என் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், ஒரு கை நீளத்தில், அவன் காலடிச் சத்தம் கேட்டது.

"அப்பாவுக்கு இந்த இடத்தில களைக்கும், மாமி" என்றாள் பிள்ளை. "எப்பவும் இதில எனக்குப் பின்னாலதான் வருவார். நான் சின்னப் பிள்ளையா இருந்தபோதும் அப்பிடித்தான்."

அந்த ரோடு இறக்கம். களைக்க அங்கே ஒன்றுமில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை.